மூடுபனியில் நனைந்த லேப்டாப்

ஏற்காட்டு மலைப்பயிர் விவரத் தொகுப்பு அலுவலகம் இனிமேல் காகிதமில்லா அலுவலகம் என்று அறிவிக்கும் ஆணை, மூன்று நகல்களோடும் நான்கு முத்திரைகளோடும் சேலத்திலிருந்து பஸ்ஸேறி வந்தது. ஆணை கிடைத்ததற்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆணையை நிறைவேற்றியதற்கு இன்னொரு காகிதம் கேட்டார்கள். அலுவலகத்தில் இருந்த பழைய பேரேடுகளையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. எத்தனை பேரேடு எடைக்குப் போனது என்று எழுதிவைக்க மட்டும் புதிதாக ஒரு பேரேடு வாங்கினார்கள்.

பேரேடுகள் இருந்த இடத்துக்கு ஒரு லேப்டாப் வந்து உட்கார்ந்தது. மொத்த அலுவலகத்துக்கும் ஒன்றே ஒன்றுதான். மூடியில் அரசு முத்திரை ஒட்டியிருந்தது. அடிப்பக்கத்தில், பள்ளிக்கூட பெஞ்சுக்குப் போடுவது போல, வெள்ளைப் பெயின்டில் ஒரு எண் எழுதியிருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் அங்கே மரியசெல்வி ஒருத்திதான்.

மரியசெல்வி நாகலூர்க்காரி. புருஷன் ஆண்டனி ராஜ் எஸ்டேட்டில் ரைட்டர். இவள் தொகுப்பூதியத்தில் டைப் அடிக்கிறவள். ஆறு மாத ஒப்பந்தம், இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. 'பணிக்காலத்தில் குறைபாடு ஏதுமில்லை' என்று அலுவலர் ஒரு வரி எழுதினால் இன்னும் ஆறு மாதம் வேலை. எழுதாவிட்டால் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான். அந்த ஒற்றை வரிக்காக அவள் ஆறு மாதமாக அலுவலகத்தில் பலமாகத் தும்மியதுகூட இல்லை.

அந்த ஆறு மாதத்தில் அவள் செய்த வேலை சாதாரணமானதல்ல. மலையில் உள்ள விவசாயிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேரை, பெயர், ஊர், ஏக்கர், காப்பி, சாமை, பலா, ஆரஞ்சு என்று கட்டம் கட்டி லேப்டாப்புக்குள் ஏற்றியிருந்தாள். இந்தப் பட்டியல்படி ஏக்கருக்கு இத்தனை என்று மழைக்காலத்துக்குள் மிளகுக் கன்று இலவசமாகக் கொடுப்பதாகத் திட்டம். நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள் செம்மநத்தம் பொன்னுவேல். தன் பெயர் ஏறிவிட்டதா என்று பார்க்க நாலு தடவை பஸ் பிடித்து வந்தவர். 'பொன்னுவேல், ஒன்றரை ஏக்கர்' என்று திரையில் கண்ணாரப் பார்த்த பிறகும், அது மறுநாளும் அங்கேயே இருக்குமா என்று பார்க்க ஐந்தாம் தடவையாக வந்திருந்தார்.

அவர் வந்த நேரம் பதினொரு மணி. அந்த அலுவலகத்தில் பதினொரு மணி என்றால் அலுவலர் ஜெயபிரகாஷ் காப்பி போடும் நேரம்.

ஜெயபிரகாஷ் மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் எல்லோரையும் போல டீக்கடையில் டீதான் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு யாரோ அவருக்குக் காப்பியைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் காப்பி பறிக்கிற சனம் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கையில், இவர் ஒரு சின்னத் தராசு வாங்கினார். கொக்குக் கழுத்து வைத்த கெண்டி வாங்கினார். கொட்டையை எடைபோட்டு, அரைத்து, வடிகட்டித் தாளில் கொட்டி, செல்போனில் நொடி பார்த்து, பூஜை மாதிரி சொட்டுச் சொட்டாக வெந்நீர் விடுவார். பாலும் கூடாது, சர்க்கரையும் கூடாது. வடிகட்டித் தாளை 'அலுவலக எழுதுபொருள்' தலைப்பில் வாங்கியதால், காகிதமில்லா அலுவலகத்தில் மாதா மாதம் தவறாமல் வாங்கப்பட்ட காகிதம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் கோப்பையைப் பொன்னுவேலின் மூக்கருகே நீட்டி, என்ன வாசம் வருகிறது என்று கேட்டார். பொன்னுவேல் மரியாதையாக முகர்ந்து பார்த்துவிட்டு, காப்பி வாசம் வருகிறது என்றார். அலுவலருக்கு மனசு விட்டுப்போயிற்று. முதலில் ஈரமண், நடுவில் கருப்பட்டி, கடைசியில் ஆரஞ்சுத் தோல் என்று வரிசையாக வரவேண்டும், இந்த மலையே கோப்பைக்குள் இருக்கிறது என்று விளக்கி, மலை எவ்வளவு பெரியது என்று காட்ட இரண்டு கையையும் விரித்தார். கோப்பை கையில் இருந்தது. காப்பி லேப்டாப்பில் இருந்தது.

மரியசெல்வி பாய்ந்து போய் சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்தாள். விரித்த வாக்கிலேயே அதைக் கவிழ்த்து, அலுவலரின் காப்பித் தட்டின் மேல் கூடாரம் மாதிரி நிறுத்தினாள். காப்பி தட்டில் சொட்டத் தொடங்கியது. எல்லாம் சேர்ந்து எட்டு நொடி ஆகியிருக்கும். எட்டு நொடியில் ஒரு வேலை முடிந்ததை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. ஆகவே அங்கே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் பட்டது.

என்ன தவறு என்று கண்டுபிடித்தவர் கண்காணிப்பாளர் தனலட்சுமி. இருபத்தெட்டு வருட சர்வீஸ். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. மரியசெல்விக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி எடுத்து வைப்பவர்தான். ஆனால் விதி என்று வந்துவிட்டால் பாதி வைக்கமாட்டார், முழுசாக வைத்துவிடுவார்.

"கண்ணு, ஆரக் கேட்டு அதக் கவுத்த?"

"கவுத்தாத்தான் காப்பி வெளிய வருமுங்க மேடம். உள்ள எறங்கிட்டா நானூத்திப் பன்னெண்டு பேரும் போயிருவாங்க."

"அது கெடக்கட்டும். முத்திரையப் பாரு."

பார்த்தார்கள். லேப்டாப்பைக் கவிழ்த்ததில் மூடியில் இருந்த அரசு முத்திரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலர் சட்டென்று நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை, ஆனாலும் நின்றார். அரை மணி நேரத்தில் மரியசெல்வி கைக்கு மெமோ வந்தது. அரசு உடைமையை எழுத்துப்பூர்வ முன்அனுமதியின்றி, அரசு முத்திரை தலைகீழாகத் தொங்கும் வண்ணம் கவிழ்த்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தது. காப்பியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்ததாக, விசாரணை முடியும்வரை சம்பவ இடத்தில் எதையும் மாற்றக் கூடாது என்ற விதி தனலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. சம்பவத்தின்போது லேப்டாப் நிமிர்ந்துதானே இருந்தது? ஆகவே அதை மறுபடி நிமிர்த்தி வைக்கச் சொன்னார்கள். உள்ளே மிச்சம் இருக்கும் காப்பி கீழே இறங்கிவிடும் என்று மரியசெல்வி கெஞ்சிப் பார்த்தாள். அதையும் விளக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தட்டில் வடிந்த காப்பியை என்ன செய்வது என்று ஒரு கேள்வி எழுந்தது. சம்பவத்தின்போது அதுவும் லேப்டாப்புக்குள்தான் இருந்தது, ஆகவே முறைப்படி அதையும் உள்ளே ஊற்றிவிட வேண்டும் என்பது தனலட்சுமியின் கருத்து. அலுவலர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அது ஆறிப்போய்விட்டது, இனி அது அதே காப்பி அல்ல என்று மறுத்துவிட்டார். காப்பி தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதை ஒரு டம்ளரில் ஊற்றி, துணி கட்டி, அரக்கு வைத்து, 'பொருள் சான்று' என்று எழுதி பீரோவில் வைத்தார்கள்.

பொன்னுவேல் இத்தனையும் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். "ஏனுங்க அம்மணி, எம்பேரு உள்ளயே இருக்குமுங்களா, கரஞ்சு போயிருமுங்களா?" என்று மரியசெல்வியைக் கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது. இருக்கும் என்று சொல்லி அனுப்பினாள்.

ஈரத்தை எப்படிப் போக்குவது என்று மறுநாள் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று தனலட்சுமி செல்போனில் பார்த்திருந்தார். அலுவலர் முகம் சுளித்தார். அவர் அரிசியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போது சிறுதானியம்தான். மனுஷ உடம்புக்கே ஆகாத அரிசி லேப்டாப்புக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டார். அரிசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கவிழ்த்துப் போட்டு மூன்று நாள் யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்றாள் மரியசெல்வி. மெமோ வாங்கியவர் கருத்துச் சொல்லலாமா என்பது தெளிவுபடும்வரை அவள் கருத்தை நிறுத்திவைத்தார்கள். செம்மநத்தத்துக்குச் சொல்லியனுப்பி, பொன்னுவேல் வீட்டிலிருந்து ஆறு படி சாமை வந்தது. தன் பெயரைக் காப்பாற்றத்தானே என்று அவரும் சந்தோஷமாகத்தான் சுமந்துவந்தார். பொடிப் பொடியான சாமை, லேப்டாப்பில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் குடியேறியது.

இதற்குள் சேலத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மடிக்கணினி பழுதாகிவிட்டதா என்பதைத் தினமும் காலை பதினொரு மணிக்கு இயக்கிப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஈரத்தோடு இயக்கினால்தான் பழுதாகும் என்று மரியசெல்வி எழுதிக் கொடுத்தாள். அதுவும் கோப்பில் சேர்ந்தது. முதல் நாள் சாமைக்குள்ளிருந்து எடுத்து, தட்டி, இயக்கினார்கள். திரையில் வெளிச்சம் வந்தது. 'இயங்குகிறது' என்று அறிக்கை போயிற்று. இரண்டாம் நாள் ஒரு எழுத்தைத் தட்டினால் திரை நிறைய எழுத்து ஓடியது. 'இயங்குகிறது, சற்று அதிகமாகவே' என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் சுர்ரென்று ஒரு சத்தமும், தீய்ந்த சாமை வாசமும் வந்து திரை கறுத்துப் போயிற்று. 'இன்று இயங்கவில்லை, நாளையும் இயக்கிப் பார்க்கப்படும்' என்று எழுதிய தனலட்சுமி, அன்றைக்கு மதியம் மரியசெல்விக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு வைத்தார்.

இனி பழி யார் மேல் என்பதுதான் பாக்கி. அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. அரசு உடைமை சேதமான காரணத்தைக் குறிக்க அதில் ஐந்து கட்டம். தீ, திருட்டு, வெள்ளம், இயற்கைச் சீற்றம், பணியாளரின் கவனக்குறைவு. காப்பிக்குக் கட்டம் இல்லை.

"படிவத்துல இல்லாதது நடக்கவே இல்லைங்க சார்," என்றார் தனலட்சுமி.

ஆகவே காப்பி கொட்டவில்லை. மிஞ்சியது ஐந்தாவது கட்டம். அதில் ஒரு பெயர் எழுத வேண்டும். அலுவலர் பெயரை அலுவலரே எழுதி, அலுவலரே கையெழுத்திட்டு, அலுவலரே மேலே பரிந்துரைப்பது நடைமுறையில் சிக்கல். தனலட்சுமிக்கு ஓய்வுபெற இன்னும் பத்து மாதம். இருவரும் மரியசெல்வியைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்கையில் சேலத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் அவர் வயிற்றில் இருந்தன. மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டே இறங்கினார். சூடாக ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். தராசும் கெண்டியும் முந்தின நாளே பீரோவில் பூட்டப்பட்டுவிட்டன. அப்படி ஒரு பானத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிற முகத்தோடு அலுவலர் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்லப் பொன்னுவேலையும் வரவழைத்திருந்தார்கள்.

விசாரணை அதிகாரி மரியசெல்வியை எதிரே நிறுத்தி, லேப்டாப் மேல் விழுந்த திரவம் என்ன என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அலுவலர் அந்த ஒரு வரியை எழுதமாட்டார். சொல்லாவிட்டால் ஐந்தாவது கட்டத்தில் தன் பெயர். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து, திறந்திருந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது. ஏற்காட்டில் பனி யாரையும் கேட்டுக்கொண்டு வராது. மேஜை, பீரோ, சாமை மூட்டை எல்லாவற்றையும் மூடி, விசாரணை அதிகாரியின் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. அவர் அதைக் கழற்றித் துடைத்தார்.

"அதுதானுங்க சார்," என்றாள் மரியசெல்வி.

"எது?"

"இப்ப உங்க கண்ணாடியில படிஞ்சுதே, அதுதானுங்க. பனி."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் தனலட்சுமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. நாலாவது கட்டம், இயற்கைச் சீற்றம். பனிக்குப் பதவி கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, மெமோ கொடுத்தால் எதிர்த்து வழக்குப் போடாது. இதைவிட நல்ல குற்றவாளி எந்த அலுவலகத்துக்கும் கிடைக்கமாட்டார்.

விசாரணை அதிகாரி லேசுப்பட்டவர் அல்ல. அரக்கு வைத்த டம்ளரை வரவழைத்து, அரக்கை உடைத்துப் பார்த்தார். பனி ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று பொன்னுவேலைக் கேட்டார். பொன்னுவேல் யோசித்தார். இந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டால் தன் பெயரைத் தேடி எடுத்துக் கொடுக்க அங்கே ஆளே இருக்காது. மழையும் நெருங்கிவிட்டது.

"காப்பித் தோட்டத்து வழியா வந்த பனிங்க. அன்னைக்கு நொம்பக் கெட்டியா இருந்துச்சுங்க."

அதிகாரி டம்ளரை முகர்ந்து பார்த்தார். ஏதோ வாசம் வருகிறதே என்றார். ஜெயபிரகாஷால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கடைசியில ஆரஞ்சுத் தோல் வரும் சார்," என்றார்.

அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார். ஆரஞ்சுத் தோட்டத்தையும் தாண்டித்தான் பனி வந்திருக்கிறது என்று அறிக்கையில் தெளிவாக இருந்தது. சேர்வராயன் மலையின் கடும் மூடுபனியால் மடிக்கணினியும் அதிலிருந்த விவரங்கள் அனைத்தும் முற்றிலும் அழிந்தன, முத்திரை தலைகீழானதும் அப்பனியின் வேகத்தாலேயே என்று முடித்திருந்தார். இனிமேல் மூடுபனி அலுவலகத்துக்குள் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் குறிக்கப் பேரேடு ஒன்று போட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. பேரேட்டில் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. யாருடைய கையெழுத்து என்று சொல்லவில்லை.

மரியசெல்வி தப்பித்தாள். ஆனால் லேப்டாப்பைக் கழித்துக்கட்ட, அது செத்துவிட்டது என்று பழுது பார்ப்பவரின் சான்று ஒன்று தேவைப்பட்டது. மறுநாள் அவளே அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் மெல்வினிடம் போனாள். உள்ளே இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரையும், அன்றைக்குத் தான் கவிழ்த்து வைத்ததையும் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருக்க, மெல்வின் பின்பக்கம் திருகாணிகளைக் கழற்றினான். ஒரு பிடி சாமை கொட்டியது.

"போர்டு வெந்து போச்சுக்கா. ஆனா டிஸ்க் நல்லா இருக்கு. உங்க ஆளுங்க நானூத்திப் பன்னெண்டு பேரும் பத்திரமா இருக்காங்க. அன்னைக்குக் கவுத்துப்போட்டு அப்படியே உட்டிருந்தா மெஷினே பொழச்சிருக்கும். ஆரு மறுபடியும் நிமித்தி வெச்சது?"

"அரசாங்கம்," என்றாள் மரியசெல்வி.

மெல்வின் பட்டியலை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். மரியசெல்வி ஏறக்குறைய ஓடியேதான் அலுவலகத்துக்கு வந்தாள். ஆறு மாத உழைப்பு வீண்போகவில்லை. நானூறு சனம் மறுபடி பஸ்ஸேறி அலைய வேண்டாம். பொன்னுவேலிடம் சொன்ன சொல்லும் பொய்க்காது. நல்ல சேதி சொல்லப்போகிற சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

தனலட்சுமி பென்டிரைவைத் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, அவளை உட்காரச் சொன்னார்.

"கண்ணு, வெவரம் முழுசா அழிஞ்சு போச்சுன்னு அறிக்கை போயிருச்சு. இது உசுரோட இருந்தா அறிக்கை செத்துப்போகும். அறிக்கை செத்தா பனி வரலைன்னு ஆயிரும். பனி வரலைன்னா என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க."

தனலட்சுமி குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொன்னும் ரோசன பண்ணிப் பாரு. பட்டியல் இருந்தா உம்பட வேலை முடிஞ்சு போச்சு. முடிஞ்ச வேலைக்கு ஆரு ஆறு மாசம் நீட்டிப்புக் குடுப்பாங்க?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பட்டியல் இல்லை என்றால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அலைய வேண்டும், அவளுக்கு வேலை இருக்கும். இருக்கிறது என்றால் அவர்கள் அலைய வேண்டாம், அவள் காப்பிப் பழம் பறிக்க வேண்டும். பென்டிரைவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். முப்பதாம் தேதி அலுவலர் அந்த ஒரு வரியை எழுதினார். புது லேப்டாப் ஒன்றும் வந்தது.

பொன்னுவேல் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அவளுக்குக் கவலை. அவர் வந்தார். பழைய விவரம் எல்லாம் அழிந்துபோய்விட்டது, மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"பழசு ஒன்னுமே இல்லீங்களா அம்மணி? எத்தன ஏக்கருன்னு எழுதுனதுகூட?"

"எதுவுமே இல்லீங்க."

பொன்னுவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நாலு ஏக்கருன்னு போட்டுக்குங்க."

போன தடவை ஒன்றரை என்று சொன்னாரே என்று அவள் கேட்டாள். போன தடவைக் கணக்குத்தான் பனியில் போய்விட்டதே என்றார் அவர். நிலத்துச் சிட்டா நகல் எங்கே என்று கேட்டாள். வீட்டில் வைத்திருந்தாராம், அதுவும் பனியில் நனைந்துவிட்டதாம். பனி காகிதத்தை நனைக்காது என்று சொல்ல மரியசெல்வி வாயெடுத்தாள். லேப்டாப்பையே நனைத்த பனி என்று தன் வாயாலேயே சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது. நாலு என்று அடித்தாள்.

சேதி அன்று சாயங்காலமே தூரத்துக் கொட்டச்சேடு கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. மலையில் பஸ்தான் மெதுவாகப் போகும், இந்த மாதிரி சேதி போகாது. மறுபடி அலைய வேண்டுமே என்று ஒருவர்கூடக் கோபப்படவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஏக்கர் ஐந்தாயிற்று. மூன்று எட்டாயிற்று. நிலமே இல்லாதவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டு ஒரு ஏக்கரோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கும் அந்தப் பக்கம் கால் ஏக்கர் உண்டு. புதுப் பட்டியலில் அது எவ்வளவு என்று கேட்காதீர்கள். நாகலூர் முறை வந்தபோது புருஷன் ஆண்டனி ராஜின் அரை ஏக்கரை மரியசெல்வி முதலில் அரை என்றுதான் அடித்தாள். சுற்றிலும் எல்லாமே ஐந்தும் எட்டுமாக இருக்க, அது மட்டும் தனியாகத் தெரிந்தது. யாராவது பார்த்தால் சந்தேகப்படுவார்களே என்று இரண்டாக மாற்றினாள்.

கூட்டிப் பார்த்தபோது, ஏரியையும் ரோட்டையும் கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்து உழுதால்கூட வராத அளவுக்கு மலை பெருத்திருந்தது. அலுவலர் அந்தத் தொகையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். லாரி லாரியாக மிளகுக் கன்று வந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கெல்லாம் ஏற்றியது போக, செம்மநத்தத்தில் கரண்டுக் கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும்கூட மிளகுக் கொடி ஏற்றினார்கள். ஒரே பருவத்தில் மலைப்பயிர்ப் பரப்பைப் பல மடங்கு உயர்த்திய அலுவலகம் என்று விருது அறிவித்தார்கள். ஜெயபிரகாஷ் அதற்காகப் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார்.

விருது கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நடைமுறை இருந்தது. வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்க, பழைய பட்டியலின் நகல் எங்காவது மிஞ்சியிருந்தால் இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும், இல்லையெனில் இல்லை என்று பொறுப்பாளர் எழுதித் தர வேண்டும் என்று சேலத்திலிருந்து கடிதம் வந்தது. பொறுப்பாளர் மரியசெல்வி.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, அவள் கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினாள். மெல்வின் சொன்னது சரிதான். ஒருவர்கூடக் குறையவில்லை. ஒன்றரையும் அரையும் முக்காலுமாக, மலை அதன் நிஜ அளவில் திரையில் கிடந்தது. அவளுக்கு அந்தப் பழைய பட்டியல் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானைத் தட்டினாள். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று லேப்டாப் கேட்டது.

அவள் விரலை எடுத்தாள். மூடுபனியால் அழிந்தது என்றுதானே எழுதித் தரப்போகிறாள்? வெளியே பளீரென்று வெயில் அடித்தது. மரியசெல்வி ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். கையெழுத்துப் போட்டுப் பொய் எழுத அவளால் முடியாது. எழுந்துபோய் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டு வந்த தனலட்சுமியும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அலுவலர் வந்தார், ஒன்றும் கேட்காமல் அவரும் உட்கார்ந்தார். விருதுக்கு மாலை கட்டுவது பற்றிப் பேச வந்த பொன்னுவேல், வாசற்படியில் நின்றபடியே வானத்தைப் பார்த்தார்.

நாலேகாலுக்குப் பனி வந்தது. மரியசெல்வி பேரேட்டில் வந்த நேரத்தைக் குறித்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.